எந்தக் கிளைவ்? பிளாசிக்காரரின் மகன் பிரபுவான கதை, 1754–1839

1801 டிசம்பர் 1 அன்று சென்னைக் கோட்டையிலிருந்து ஒரு பிரகடனம் வெளியானது. தென்பாளையங்களில் கோட்டைகள் இருக்கக் கூடாது, துப்பாக்கி, ஈட்டி முதலான ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும், மீறினால் மரணம். அதன் அடியில் இருந்த பெயர் கிளைவ் பிரபு. பாளையக்காரர் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி தடுமாறுவார்கள். ஆர்க்காட்டிலும் பிளாசியிலும் வென்ற ராபர்ட் கிளைவ் இறந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. இவர் அவருடைய மூத்த மகன் எட்வர்டு கிளைவ். 1798 ஆகஸ்ட் முதல் 1803 ஆகஸ்ட் வரை சென்னை மாகாண ஆளுநர்.

தந்தையைப் பற்றி அலமாரி அலமாரியாக நூல்கள் உண்டு, மகனைப் பற்றி அதிகம் இல்லை. காரணம் எளிது. அவர் போரில் படை நடத்தவில்லை, நாடாளுமன்றத்தில் பேச்சாளர் என்று பெயர் வாங்கவும் இல்லை. இருந்தும் மக்களவை உறுப்பினர், மாவட்டத்தின் அரசப் பிரதிநிதி, பிரபுக்கள் அவை உறுப்பினர், ஆளுநர், கடைசியில் ஏர்ல் என்ற உயர் பிரபுப் பட்டம் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். ஜார்ஜ் மன்னர்கள் காலத்து இங்கிலாந்தில் ஒரு வாரிசு உயர என்னென்ன தேவைப்பட்டன என்று பார்க்க இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. திறமையாளர் ஒருவரை எடுத்தால் திறமை எது, ஏற்பாடு எது என்று பிரிக்க முடியாது. இவரிடம் அந்தக் குழப்பம் குறைவு.

தந்தை விட்டுச்சென்ற சரக்கு

ராபர்ட் கிளைவும் மார்கரெட் மாஸ்கலினும் 1753 பிப்ரவரியில் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் மணந்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 7 அன்று லண்டனில் எட்வர்டு பிறந்தார். ஈட்டன் பள்ளி, பிறகு ஐரோப்பியப் பயணம் என்று மேட்டுக்குடிப் பிள்ளைகளின் வழக்கமான வழியிலேயே வளர்ந்தார்.

வங்காளத்துப் பணத்தை ராபர்ட் என்ன செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பணத்தைப் பணமாகவே வைத்திருந்தால் சமூகத்தில் ‘நபாப்’ என்ற கேலிப் பெயர்தான் மிஞ்சும். அதனால் நிலம் வாங்கினார். 1763-ல் ஷ்ராப்ஷயரில் வால்காட் பண்ணையைச் சுமார் 90,000 பவுண்டுக்கு வாங்கினார். அவ்வளவு விலை மண்ணுக்கு மட்டும் அல்ல. வால்காட்டோடு பக்கத்திலிருந்த பிஷப்ஸ் காசில் என்ற சிற்றூரின் தேர்தல் செல்வாக்கும் சேர்ந்து வந்தது. ஏறக்குறைய நூற்றைம்பது வாக்காளர்கள், இரண்டு உறுப்பினர்கள். தம்பி வில்லியமும் உறவினர் ஜார்ஜும் அங்கிருந்தே மக்களவைக்குப் போனார்கள். பின்னர் லட்லோ நகரை ஒட்டிய ஓக்லி பார்க் பண்ணையை போவிஸ் பிரபுவிடமிருந்து வாங்கியபோது லட்லோவும் கைக்கு எட்டியது.

ஒரு தொகுதியைச் சட்டைப்பைக்குள் வைத்திருப்பது எப்படி? அன்று இரகசிய வாக்குரிமை கிடையாது. அது வந்தது 1872-ல். ஒவ்வொருவரும் எழுந்து நின்று பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும், அது பதிவாகும். வாக்காளர் குடியிருக்கும் வீடு பிரபுவினுடையதாக இருக்கலாம், அவர் கடைக்குச் சரக்கு எடுப்பதும் பிரபுவின் மாளிகையாக இருக்கலாம். மிரட்டலுக்கே தேவை இருப்பதில்லை. தேர்தல் நேரத்தில் விருந்தும் மதுவும், இடைக்காலத்தில் பாலம், சந்தைக்கூடம், கோவில் பழுது, வாக்காளர் மகனுக்கு ஒரு வேலை. கிழக்கிந்தியக் கம்பெனியில் செல்வாக்குள்ள குடும்பமென்றால் அந்த வேலை இந்தியாவிலும் கிடைக்கும். இந்தச் செலவை நிறுத்தினால் செல்வாக்கு கரையும். பக்கத்துப் பண்ணைக்காரர் நுழைந்துவிடுவார். வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய சொத்து அல்ல இது. ஆண்டுதோறும் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய வயல்.

அடுத்தது பட்டம். 1762-ல் ராபர்ட்டுக்குக் கிடைத்தது அயர்லாந்துப் பிரபுப் பட்டம். பிரிட்டிஷ் பட்டம் வேண்டும் என்று கடைசிவரை ஏங்கினார், கிடைக்கவில்லை. ஆனால் அயர்லாந்துப் பட்டத்தில் ஒரு வசதி உண்டு. பிரிட்டிஷ் பிரபு மக்களவையில் உட்கார முடியாது. அயர்லாந்துப் பிரபு பிரிட்டிஷ் தொகுதி ஒன்றிலிருந்து உட்காரலாம். ‘மை லார்டு’ என்று அழைக்கவும் படலாம், அமைச்சரவைக்கு வேண்டிய வாக்கைக் கையிலும் வைத்திருக்கலாம். தந்தைக்குக் குறையாகத் தெரிந்த அந்தப் பட்டம் மகனுக்கு இருபது ஆண்டு பயன்பட்டது.

இருபது வயதில் உறுப்பினர்

1774 அக்டோபர் பொதுத்தேர்தலில் எட்வர்டு லட்லோவிலிருந்து தேர்வானார். பிறந்த தேதியைக் கணக்கிட்டால் வயது 20. சட்டப்படி 21 நிரம்பாதவர் தேர்வு செல்லாது. அன்று இது பெரிய தடையாக இருக்கவில்லை. சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் 19 வயதிலேயே உறுப்பினராகிவிட்டவர். தோற்றவர் யாராவது மனுப்போட்டால்தான் வயது ஒரு கேள்வி. எதிர்க்க ஆளே இல்லாத தொகுதியில் மனுப்போட யார் வருவார்? நகரத் தொகுதி உறுப்பினருக்கு ஆண்டு 300 பவுண்டு நில வருமானம் வேண்டும் என்ற இன்னொரு சட்டமும் பிரபுக்களின் மூத்த மகன்களைத் தீண்டாது.

அடுத்த மாதம் 22-ஆம் தேதி ராபர்ட் பெர்க்லி சதுக்கத்து வீட்டில் இறந்தார். எட்வர்டு இரண்டாம் கிளைவ் பிரபு ஆனார், மக்களவை இருக்கை அப்படியே நீடித்தது. 1775-ல், 21 வயதில், ஷ்ராப்ஷயரின் லார்டு லெப்டினன்ட், அதாவது மாவட்டத்தின் அரசப் பிரதிநிதி, பதவியும் வந்தது. இதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. மாவட்ட மிலிஷியா அதிகாரிகளை நியமிப்பதும், அமைதி நீதிபதிகளாக யார் வரலாம் என்று பரிந்துரைப்பதும் அந்தப் பதவி வழியாகவே நடந்தன. மாவட்டத்துச் சிறு நிலக்கிழார்கள் எல்லாரும் ஏதோ ஒன்றுக்காக இவர் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும்.

பழுது இல்லாத அமைப்பு அல்ல. முதலில் பெயர். 1773-ல்தான் மக்களவை ராபர்ட்டின் வங்காளச் சம்பாத்தியத்தை விசாரித்து, அவர் 2,34,000 பவுண்டு பெற்றதைப் பதிவு செய்து, கூடவே நாட்டுக்குச் சிறந்த சேவை செய்தார் என்றும் தீர்மானித்து முடித்திருந்தது. கண்டனமும் பாராட்டும் கலந்த அந்தத் தீர்மானம் மகன் தலைமீதும் தொங்கியது. இரண்டாவது வருமானம். வங்காள நவாப் மீர் ஜாஃபர் கொடுத்த ஜாகீர் (நில வருவாய் உரிமை) வழியாகக் கம்பெனி ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுண்டு கட்டிவந்தது. 1764-ல் பத்து ஆண்டுக்கென்று ஒப்புக்கொண்டதை 1767-ல் மேலும் பத்து ஆண்டு நீட்டியிருந்தார்கள். அதாவது 1784-ல் நின்றுபோகும் பணம். நிலத்திலிருந்து அந்த அளவு ரொக்கம் கிடைக்காது.

1784 மே மாதம் எட்வர்டு திருமணம் செய்துகொண்டார்.

கல்யாணக் கணக்கு

மணப்பெண் ஹென்ரியெட்டா அன்டோனியா ஹெர்பர்ட், முதல் போவிஸ் ஏர்லின் மகள். ஹெர்பர்ட் குடும்பத்திடம் வேல்ஸ் எல்லையில் போவிஸ் கோட்டை, நூற்றாண்டுகள் பழைய வம்சப் பெயர், நிறையக் கடன். கிளைவ் குடும்பத்திடம் பணம், புதுப்பணம் என்ற ஏளனம். லட்லோவில் இரு குடும்பமும் செல்வாக்குக்குப் போட்டியிடக்கூடியவை. சம்பந்தம் செய்துகொண்டால் இரண்டு செலவு ஒன்றாகிவிடும். ஹென்ரியெட்டாவின் அண்ணன் இரண்டாம் ஏர்ல் மணம் செய்துகொள்ளாதவர். அவருக்குப் பிள்ளை இல்லாமல் போனால் எல்லாம் தங்கை வழிக்கு வரும். இதை அன்று யாரும் கணக்குப் போடாமல் இருந்திருப்பார்கள் என்று நம்ப முடியாது.

நான்கு குழந்தைகள்: எட்வர்டு, ஹென்ரியெட்டா, சார்லட், ராபர்ட். சார்லட் பின்னாளில் நார்தம்பர்லாந்து டியூக்கின் மனைவியாகி, இளவரசி விக்டோரியாவின் வளர்ப்புப் பொறுப்பை ஏற்றவர். தோட்டக்காரர்கள் அறிந்த ‘கிளைவியா’ என்ற ஆரஞ்சுப் பூச்செடியின் பெயர் இவருடையது. பிளாசித் தாத்தாவினுடையது அல்ல.

1794-ல் பிரதமர் பிட்டின் அரசாங்கம் எட்வர்டுக்கு ‘வால்காட்டின் பாரன் கிளைவ்’ என்ற பிரிட்டிஷ் பிரபுப் பட்டம் கொடுத்தது. தந்தை ஏங்கிய பட்டம். பிட் தாராளமாகப் பட்டம் வழங்கியவர். தொகுதிகளைக் கையில் வைத்திருப்பவர்களைப் பகைத்துக்கொள்ளாமல் இருக்க அதைவிட மலிவான வழி இல்லை. இதோடு மக்களவை இருக்கை போயிற்று. லட்லோ மட்டும் குடும்பத்தை விட்டுப் போகவில்லை.

சென்னை

சென்னை ஆளுநர் பதவி பிரிட்டிஷ் மேட்டுக்குடிக்கு ஓர் இடைத்தங்கல். எட்வர்டுக்கு முன் இருந்த ஹோபார்ட் பக்கிங்ஹாம்ஷயர் ஏர்லின் வாரிசு. பின் வந்த வில்லியம் பென்டிங்க் போர்ட்லாண்டு டியூக்கின் இரண்டாம் மகன். அனுபவம் கேட்கப்படவில்லை. கல்கத்தாவில் தலைமை ஆளுநருக்கு இணங்கிப் போவாரா என்பதே கேள்வி. ஹோபார்ட் இணங்காமல் திரும்ப அழைக்கப்பட்டவர். கிளைவ் என்ற பெயருக்குக் கம்பெனிக்குள் மதிப்பு இருந்தது, ஆள் சாது. 1798 ஆகஸ்டில் மனைவி, இரு மகள்களோடு வந்து இறங்கினார். மகன்கள் படிப்புக்காக இங்கிலாந்திலேயே தங்கினார்கள்.

அப்போது சென்னையில் இருந்த கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளைய வெலிங்டன், புதிய ஆளுநரைப் பற்றி எழுதியது பாராட்டு அல்ல: மென்மையானவர், யாரோடும் ஒட்டாதவர், பேச்சு திக்கும், புத்தியும் மந்தமாகத் தோன்றுகிறது. தோன்றுகிற அளவுக்கு மந்தமாக இருக்கமாட்டார் என்ற ஐயத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார். அண்ணன் ரிச்சர்டு வெல்லெஸ்லி தலைமை ஆளுநர். 1798 டிசம்பர் 31 அன்று அவரே சென்னைக்கு வந்து, மைசூர்ப் போரை இங்கிருந்து நடத்தினார். தன் மாகாணத்தில் மேலதிகாரி வந்து உட்கார்ந்தால் எந்த ஆளுநருக்கும் கசக்கும். கிளைவ் முகம் சுளிக்கவில்லை. ஜெனரல் ஹாரிஸின் படை 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து கிளம்பியது, மே 4 அன்று சீரங்கப்பட்டணம் விழுந்தது. இடையில் அந்தப் படைக்கு மாடும் அரிசியும் பணமும் போய்ச் சேர்ந்ததில் சென்னை அரசாங்கத்தின் பங்கு பெரியது. முந்தைய மைசூர்ப் போரில் கார்ன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தை நெருங்கிய பிறகும் தீனியில்லாமல் மாடுகள் செத்ததால் 1791-ல் திரும்ப நேர்ந்ததை நினைத்தால் இந்த வேலையின் அருமை புரியும்.

பிறகு நடந்தவை தமிழ்நாட்டின் வரைபடத்தையே மாற்றின. 1799 அக்டோபர் 16 கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஒன்பதே நாளில், அக்டோபர் 25 அன்று, தஞ்சை ஒப்பந்தம்: சரபோஜிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்கு. 1801 அக்டோபர் 24 திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்குத் தூக்கு; எழுபதுக்கு மேற்பட்டோர் அடுத்த பிப்ரவரியில் பினாங்குக்கு நாடுகடத்தல்.

இவற்றில் கிளைவ் நேரடியாகக் கைநனைத்தது ஆர்க்காட்டு விவகாரத்தில். சீரங்கப்பட்டணத்தில் அகப்பட்ட கடிதங்களை வைத்து, நவாப் குடும்பம் திப்புவோடு இரகசியத் தொடர்பில் இருந்ததாகக் குற்றச்சாட்டு. 1801 ஜூலையில் நவாப் உம்தத்-உல்-உமரா மரணப்படுக்கையில் கிடக்கையில் கம்பெனிப் படை சேப்பாக்கம் அரண்மனையைச் சுற்றிக்கொண்டது. ஜூலை 15 அவர் இறந்தார். தலைமைச் செயலாளர் ஜோசையா வெப்பும் கர்னல் பாரி குளோஸும் மகன் அலி உசேனின் காப்பாளர்களோடு பேசினார்கள். கிளைவே இளைஞரை நேரில் சந்தித்தார். நாட்டைக் கொடுத்துவிட்டுப் பட்டத்தை வைத்துக்கொள் என்பதற்கு அலி உசேன் இசையவில்லை. இசைந்தவர் வேறொருவர், உறவினர் அசீம்-உத்-தௌலா. ஜூலை 31 அவரோடு ஒப்பந்தம் முடிந்தது, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. ஒரு வாரிசை ஒதுக்கி இன்னொரு வாரிசை உட்கார வைத்தவர், தானும் வாரிசு என்பதைத் தவிர வேறு தகுதியில்லாமல் அந்த நாற்காலிக்கு வந்தவர். அலி உசேன் 1802 ஏப்ரலில் இறந்தபோது லண்டனில் கேள்விகள் எழுந்தன; 1808-ல் தாமஸ் டர்ட்டன் மக்களவையில் கொண்டுவந்த கண்டனத் தீர்மானங்கள் தோற்றன.

ஆயுதம் பறிக்கும் பிரகடனத்தின் மறுபாதி பலர் கண்ணில் படுவதில்லை. அடங்கினால் உங்கள் தீர்வை நிரந்தரமாக நிர்ணயிக்கப்படும் என்ற வாக்குறுதியும் அதில் உண்டு. 1802-ன் 25-ஆம் ஒழுங்குச் சட்டம் அதைச் சட்டமாக்கியது. 1803-ல் சிவகங்கை, இராமநாதபுரம் முதலியவற்றுக்கு ஜமீன் சன்னதுகள் (உரிமைப் பட்டயங்கள்) வழங்கப்பட்டன. காவல்கூலியும் ஆள்பலமும் கொண்ட பாளையக்காரர், அரசுக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் என்ற தீர்வையைக் கட்டி, மிச்சத்தை அனுபவித்து, மகனுக்குச் சொத்தை விட்டுச்செல்லும் நிலக்கிழார் ஆனார். திட்டம் வங்காளத்திலிருந்து வந்தது, கிளைவின் சொந்த யோசனை அல்ல. ஆனாலும் ஷ்ராப்ஷயர் நிலக்கிழாருக்கு அது அன்னியமாகப் பட்டிருக்காது. அங்கே போலவே இங்கும் கோளாறு வாரிசுரிமையில்தான் வெடித்தது. அந்தச் சன்னதுகளைப் பிடித்துக்கொண்டு சிவகங்கை வழக்கு இலண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில்வரை போனது.

இதே ஆட்சியில், 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே ஏழரை மைல் அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்குத் தொடக்கம் போட்டார். கிளைவின் தாய்மாமன் நெவில் மாஸ்கலின் இங்கிலாந்தின் அரச வானியலாளர். வீட்டில் அளவையும் நட்சத்திரமும் புதுப்பேச்சு அல்ல.

மண்டபமும் வெப்பும்

ஆளுநர் மாளிகையை விரிவாக்கி, பக்கத்தில் ஒரு விருந்து மண்டபம் கட்டும் வேலையைக் கிளைவ் ஜான் கோல்டிங்ஹாமிடம் கொடுத்தார். அவர் கம்பெனியின் வானியலாளர், கட்டடமும் கட்டுவார். கிரேக்கக் கோவில் வடிவம், உயர்ந்த மேடை, அகன்ற படிகள், முகப்பு முக்கோணங்களில் பிளாசிக்கும் சீரங்கப்பட்டணத்துக்கும் வெற்றிச் சின்னங்கள். தந்தையின் வெற்றி ஒன்று, தன் காலத்து வெற்றி ஒன்று. 1802 அக்டோபரில் திறந்தது. லண்டன் இயக்குநர்கள் செலவைப் பார்த்துக் கொதித்தார்கள். இந்திய அரசர்களின் ஆடம்பரத்தைக் கம்பெனி பின்பற்ற வேண்டியதில்லை என்பது அவர்கள் கட்சி. மாளிகை இப்போது இல்லை. மண்டபம் ராஜாஜி மண்டபமாக நிற்கிறது. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி உடல்கள் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது அந்தப் படிகளின் மேல்தான்.

ஹென்ரியெட்டா இதற்குள் ஊர் திரும்பியிருந்தார். 1800 மார்ச் முதல் அக்டோபர் வரை மகள்களோடும் இத்தாலிய ஓவியர் அன்னா டோனெல்லியோடும் வேலூர், பெங்களூர், சீரங்கப்பட்டணம், தஞ்சை, தரங்கம்பாடி என்று சுற்றியவர் அவர். கல்லும் செடியும் சேர்த்தார். போவிஸ் கோட்டையில் இன்று இருக்கும் திப்புவின் சீட்டித்துணிக் கூடாரமும், சிம்மாசனத்திலிருந்து பெயர்த்த தங்கப் புலித்தலையும் இந்த ஆண்டுகளில் குடும்பத்துக்கு வந்தவை. கூடாரம் பிறகு கோட்டைத் தோட்டத்தில் விருந்துக்கு நிழலாகப் பயன்பட்டது. புலித்தலையை ஹென்ரியெட்டாவுக்குக் கொடுத்தவர் ரிச்சர்டு வெல்லெஸ்லி.

எட்வர்டின் வாழ்க்கையில் ஏற்பாடுகளை மீறிய ஒரு செயலைத் தேடினால் அது ஜோசையா வெப் விஷயத்தில் கிடைக்கிறது. வெப் இல்லாமல் கிளைவின் நிர்வாகம் நடந்திருக்காது. மொழியும் வரியும் சட்டமும் தெரிந்தவர் அவர். வெல்லெஸ்லியின் நாடுபிடிப்பை விரும்பாத இயக்குநர்கள், அவரைத் தொட முடியாமல், சென்னையில் வெப்பைப் பதவியிறக்க உத்தரவிட்டார்கள். மேலிடத்துக்கு எதிராக எப்போதும் வாய் திறக்காத கிளைவ் இதில் மட்டும் இறங்கிவரவில்லை, ராஜினாமா செய்தார். 1803 ஆகஸ்ட் 30 அன்று பென்டிங்க் பொறுப்பேற்றார். வெப் 1804-ல் மத்திய இந்தியாவில் இறந்தார்; ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய நினைவுச் சிற்பம் புனித மேரி தேவாலயத்தில், எட்வர்டின் பெற்றோர் மணந்த அதே இடத்தில், இருக்கிறது.

பட்டம் தந்தைக்கு, கோட்டை மகனுக்கு

போவிஸ் மைத்துனர் 1801 ஜனவரியிலேயே பிள்ளையின்றி இறந்திருந்தார். பட்டம் அற்றுப்போனது, நிலம் உயிலின்படி ஹென்ரியெட்டாவின் மூத்த மகனுக்கு, ஹெர்பர்ட் என்று பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. இலண்டன் திரும்பிய எட்வர்டுக்கு 1804 மே 14 அன்று போவிஸ் ஏர்ல் பட்டம் புதிதாக உண்டாக்கித் தரப்பட்டது. விநோத நிலைமை: தந்தை போவிஸின் ஏர்ல், போவிஸ் கோட்டையோ மகனுடையது. மகன் 1785-ல் பிறந்தவர். வயது வரும்வரை பொறுப்பு தந்தையிடம். 1807-ல் அரச அனுமதி வாங்கி மகன் ஹெர்பர்ட் ஆனார். பழைய பெயர் புதுப்பணத்தைக் கேட்டது, புதுப்பணம் தன் பெயரை விலையாகக் கொடுத்தது.

1805 இறுதியில் அயர்லாந்து ஆளுநராக அவர் பெயர் முடிவானது. அடுத்த ஜனவரியில் பிட் இறந்தார், அரசாங்கம் மாறியது, அவர் போகவே இல்லை. அதோடு பெரிய பதவிகள் முடிந்தன. இன்னும் 33 ஆண்டு வாழ்ந்தார். கடன் சுமந்த கோட்டையைப் பழுதுபார்த்தார். 1832 சீர்திருத்தச் சட்டம் பிஷப்ஸ் காசில் தொகுதியையே அழித்தது, லட்லோ தப்பியது. எண்பதாவது வயதிலும் காலை ஆறு மணிக்கு மேல்கோட்டைக் கழற்றிவிட்டுத் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்றார் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன.

1839 மே 16 அன்று, தந்தை இறந்த பெர்க்லி சதுக்கத்திலேயே, 85 வயதில் இறந்தார். மூத்த மகன் 1806 முதல் லட்லோ உறுப்பினராக இருந்தார். அன்றோடு அந்த இருக்கையை விட்டுவிட்டு, 45 ஆண்டுக்கு முன் தந்தை செய்ததுபோல, அவரும் பிரபுக்கள் அவைக்குப் போனார்.